மூன்று முறை மறைந்த பட்டம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்பர். உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் அம்மண்ணிலே, அறுவடை முடிந்த பின் வரும் இரவுகள் கூத்துக்குரியவை. வட்டக்களரி அமைப்பர், நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருப்பர், அண்ணாவியாரின் மத்தளம் முழங்கும். வடமோடிக் கூத்தில் கர்ணன் வரவு ஆடிக் களரிக்குள் புகும்பொழுது, விடிவதற்குள் அவன் வீழ்ந்துவிடுவான் என்பதை அறியாத சிறுவன் ஒருவனும் அக்கூட்டத்தில் இரான். ஆயினும் எவரும் எழுந்து போவதில்லை. என்ன நடக்கும் என்பதை அறிவதற்காக வந்தவர்கள் அல்லர் அவர்கள். எவ்வாறு நடக்கிறது என்பதைக் காண வந்தவர்கள்.

தொலைக்காட்சியிலே காட்டப்படும் தொழில்முறை மல்யுத்தமும் இவ்வகையைச் சேர்ந்ததே. யார் வெல்வது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. இதனை அறிந்தவுடன், “அப்படியானால் எல்லாம் பொய்தானே!” என்று கைவிரிப்போர் பலர். கூத்தைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. மேலும், முடிவு வகுக்கப்பட்டதே தவிர விழுகின்ற உடம்பு வகுக்கப்பட்டதன்று. பத்தடி உயரத்திலிருந்து முதுகு தரையில் அறையும்போது அந்த அடி மெய்யான அடியே. இக்களத்தில் பட்டம் என்று ஒன்றை ஒருவருக்குச் சூட்டுவது, அவரைப் பார்வையாளர் பெரியவராக மதிக்கவேண்டும் என்று நிறுவனத்தார் அறிவிக்கும் அறிவிப்பாகும். கூத்தில் அரசனுக்குக் கிரீடம் எதுவோ, அதுவே இங்கு இடையில் அணியும் அகன்ற வார். அந்த வார்களுள் ஒன்று, உடலாற் சிறிய மல்லர்க்கென்று செய்யப்பட்டு, மூன்று முறை தோன்றி மூன்று முறையும் மறைந்தது. அதன் வரலாறு மதிப்பைப் பற்றியது. ஆகையால் மல்யுத்தத்தில் விருப்பமில்லாதவரும் கேட்கத்தக்கது.

மெய்யான போட்டியிலே எடைப் பிரிவு என்பது நீதியின்பாற்பட்டது. இருமடங்கு எடையுள்ளவனோடு ஒருவனை மோதவிட்டால், அவன் கற்ற வித்தைக்கு அங்கே வேலையில்லை. 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கிலே, மராட்டிய நாட்டவரான கே. டி. ஜாதவ், 57 கிலோகிராம் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனியொருவர் ஈட்டிக்கொடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அப்படியொரு பிரிவு இல்லாதிருப்பின், அந்தச் சிறிய உடம்பின் திறமையை உலகம் கண்டிராது. அதற்கும் நெடுங்காலம் முன்னர், 1910இல், பெரிய காமா என்று புகழ்பெற்ற பயில்வான் இலண்டன் மாநகரத்துக்குச் சென்றபோது, உயரம் போதாது என்று கூறி அவரைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர் எனச் சொல்லப்படுகிறது. அவர் நாடக அரங்கொன்றில் நின்று அனைவருக்கும் அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான உறோலரை வீழ்த்தினார். போலந்து நாட்டு மாமல்லன் சிபிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதார். அப்போர் முடிவின்றி நின்றது. மறுமுறை குறித்த நாளில் சிபிஸ்கோ வரவில்லை. ஜோன் புல் வார் காமாவின் கைக்கு வந்தது. உருவத்தைப் பார்த்துத் திறமையை எடைபோடும் பழக்கம் எத்துணைப் பழையது என்பதற்கு இது போதும்.

முடிவு வகுக்கப்பட்ட மல்யுத்தத்திலோ எடைப் பிரிவுக்கு அத்தகைய தேவை இல்லை. நிறுவனத்தார் நினைத்தால் ஐந்தடி மனிதன் ஏழடி மனிதனை வெல்லலாம். அவ்வாறு நினைப்பதற்கு அவர்களுக்குத்தான் மனம் வருவதில்லை. கடைசி இருக்கையில் இருப்பவன் கண்ணுக்கும் தெரியவேண்டும், சுவரொட்டியை நிறைக்கவேண்டும், பார்த்தவுடன் அச்சம் தரவேண்டும் என்பதே அமெரிக்க முதலாளிமாரின் நெடுநாள் கணக்கு. ஆகவே பேருருவினரே முதன்மைப் பட்டத்துக்கு உரியவராயினர். சிறியோர்க்கென்று தனிப் பட்டம் ஒன்றை ஒதுக்கிவிடுவது ஒருவகையில் அவர்களுக்கு இடம் கொடுப்பது; இன்னொருவகையில் அதற்கு மேலே வராதே என்று வேலி போடுவது. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றாகவே வந்தன.

எல்லா நாட்டிலும் நிலை இதுவன்று. மெக்சிக்கோவிலே இடைநிலை எடைப் பட்டங்களுக்கும் பெருமதிப்பு உண்டு; முகமூடி அணிந்த மல்லர் அங்கே காவிய நாயகரைப்போல் போற்றப்படுவர். யப்பானிலே 1981ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், புலிமுகமூடி அணிந்து களம் புகுந்த சதோரு சயாமா என்னும் சிறிய மனிதர், ஒரே இரவில் நாட்டின் சிறுவர்களையெல்லாம் தம் வசப்படுத்திக்கொண்டார். அங்கே 1986இல் நிறுவப்பட்ட இளம்பாரப் பட்டம் தனக்கென்று ஆண்டுதோறும் ஒரு போட்டித் தொடரையும் உடையது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்பிரிவுக்குக் கனம் இருந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற டானி ஹொட்ஜ், பின்னர் தொழில்முறைக்கு வந்து, உலக இளம்பாரப் பட்டத்தைப் பன்முறை தாங்கினார். அப்பிள் பழத்தை ஒரு கையால் பிழிந்து நொறுக்குவார் அவர். 1976இல் அவருடைய மோட்டார் வண்டி நீருக்குள் வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்தபோது, ஒரு கையால் தம் கழுத்தையே பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியேறி உயிர் தப்பினார். அவருக்குப் பின் அப்பட்டத்தின் ஒளி அமெரிக்காவில் மங்கலாயிற்று.

இங்கே சொல்லவந்த பட்டத்தின் முதற்பிறப்பு 1991ஆம் ஆண்டு ஒற்றோபர் 27ஆம் நாள். டபிள்யூ.சி.டபிள்யூ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனம், இலேசுப் பாரப் பட்டம் என்னும் பெயரில் ஒன்றை உண்டாக்கியது. முதலில் அதனைப் பெற்றவர் பிறையன் பில்மன். குழந்தைப் பருவத்தில் தொண்டை நோயினால் மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அதனால் குரல் கரகரத்தே இருந்தது. அதே ஆண்டு நத்தார் நாளன்று யப்பானியரான ஜூஷின் லைகர் அவரிடமிருந்து பட்டத்தைக் கவர்ந்தார். 1992ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் மில்வோக்கி நகரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அன்றைய நிகழ்ச்சியில் முதலாவதாக வைக்கப்பட்டது அந்தப் போர், பில்மன் வென்றார். அதன் பின்வந்த பெரியோர் போர்கள் அன்றிரவு எடுபடாமற் போயின என்றே பார்த்தவர் பலர் கருதினர்.

ஆயினும் அந்தப் பட்டம் ஓராண்டும் வாழவில்லை. 1992இன் நடுவில் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற பில் வாட்ஸ், பழைய வழியில் நிலத்தில் நின்று பொருதலே மல்யுத்தம் என்னும் கொள்கையுடையவர். கயிற்றின் உச்சியிலிருந்து பாய்தல் கூடாது என்று விதித்தார். சிறிய மல்லனுக்கு அந்த உச்சிதான் படைக்கலம். அவனுடைய எடைக் குறைவை ஈடுசெய்வது அவன் பாயும் உயரமே. நாகசுரக்காரரிடம் ஆறு துளைகளை அடைத்துவிட்டு வாசிக்கச் சொன்னதற்கு ஒப்பாகும் அவ்விதி. அவ்வாண்டு செப்தெம்பரிலே பட்டத்தை வைத்திருந்த பிராட் ஆம்ஸ்றோங்கின் முழங்கால் காயமுற்றது. அவர் பட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அதற்கு வேறொருவரைத் தேட எவரும் முயலவில்லை.

இரண்டாம் பிறப்புக்குப் பின்னணி போட்டி வாணிகம். 1995ஆம் ஆண்டு செப்தெம்பர் 4ஆம் நாள், அந்நிறுவனம் திங்கட்கிழமை இரவுகளிலே புதியதொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. எதிர் நிறுவனமும் அதே நேரத்தில் நிகழ்ச்சி நடத்திவந்தது. பார்ப்பவர் அலைவரிசையை மாற்றிவிடாதபடி முதல் நொடியிலேயே அவரைப் பிடித்து நிறுத்தவேண்டும். முதல் நாள், முதற் போருக்கு அவர்கள் யாரை அனுப்பினர்? பில்மனையும் லைகரையும். மூன்றாண்டுகளுக்கு முன் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே கலைதான் ஆபத்துக் காலத்தில் கைகொடுக்க அழைக்கப்பட்டது.

1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், யப்பானிய நாட்டு நகோயா நகரில் நிகழ்ந்த இறுதிப் போரில் ஷின்ஜிரோ ஒட்டானி வென்று, குரூசர்வெயிட் பட்டத்தின் முதல் உரிமையாளரானார். குரூசர் என்பது கடற்படையிலே பெரும் போர்க்கப்பலினும் இலேசானதாய், விரைந்து செல்லும் கப்பல் வகை. இப்பிரிவின் எல்லை 220 இறாத்தல், அதாவது ஏறத்தாழ நூறு கிலோகிராம். படுவான்கரை வயல்வெளியிலே நூறு கிலோ உடம்புடைய ஒருவர் வரம்பிலே நடந்து வந்தால் அவரைச் சிறியவர் என்று அழைக்கும் துணிவு எவருக்கும் வராது. ஹல்க் ஹோகன் 302 இறாத்தல் என்று அறிவிக்கப்பட்ட மேடையிலேதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

ஒட்டானியிடமிருந்து பட்டத்தை வென்றவர் டீன் மலெங்கோ. ஆயிரம் பிடி அறிந்தவர் என்பது அவருடைய விருதுப் பெயர். முகத்தில் சிரிப்பும் கிடையாது, சினமும் கிடையாது. எதிரியின் முழங்கால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதனையே பொறுமையாகப் பிரித்தெடுப்பார். அவருக்கு முற்றிலும் மாறானவர் ரே மிஸ்தீரியோ. கலிபோர்னியாவில் 1974இல் பிறந்து, எல்லைக்கு அப்பாலுள்ள திகுவானா நகரில் தம் மாமனிடம் வித்தை பயின்று, 14ஆம் வயதிலேயே களமேறியவர். ஐந்தடி ஆறங்குலம், எடை ஏறத்தாழ 140 இறாத்தல் என்றே அறிவித்தனர். 1996ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் அவர் மலெங்கோவை வென்று பட்டம் சூடினார். அந்த இருவரும் பொருத போர்களில் ஒருவர் நிலம், மற்றவர் காற்று. நிலம் காற்றைப் பிடித்து அமுக்கப் பார்க்கும், காற்று நழுவும்.

இப்பட்டத்தின் வரலாற்றில் தலைசிறந்த இரவு என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 1997ஆம் ஆண்டு ஒற்றோபர் 26ஆம் நாள். லாஸ் வேகாஸ் நகரில், பட்டத்தை வைத்திருந்த எடி கெரேரோவும் மிஸ்தீரியோவும் மோதினர். மிஸ்தீரியோ தோற்றால் முகமூடியைக் கழற்றவேண்டும் என்பது நிபந்தனை. மெக்சிக்க மரபில் முகமூடி வெறும் துணியன்று. அதனை இழத்தல் பெயரையே இழத்தலாகும். கெரேரோ அன்று கொடியவனாக நடித்தார். முகமூடியையே பற்றிக் கிழித்தார். இளையவரின் முதுகை நசுக்கினார். கடைசியிலே கயிற்றுச்சியில் ஏறி நின்று, மிஸ்தீரியோவைத் தோளுக்கு மேல் தூக்கி எறியப் போனார். எறியப்படவேண்டியவர் அந்தரத்திலேயே உடலைச் சுழற்றி, கால்களால் கெரேரோவின் தலையைக் கவ்வி, இருவருமாகக் கீழே வந்தபோது அவரையே அடியிற் கிடத்தினார். பதினான்கு நிமிடத்துக்குள் முடிந்த போர் அது. முடிவு வகுக்கப்பட்டதுதான், ஆனால் அந்தச் சுழற்சியை எவரும் வகுத்துக் கொடுக்க முடியாது. அதனைச் செய்பவரின் தொடையும் இடுப்பும், அதற்கு ஈடுகொடுத்து விழுபவரின் நம்பிக்கையுமே அதனைச் செய்யவேண்டும். எதிரியாக நிற்பவன்தான் தன் கழுத்தைக் காப்பவனும் என்பது இக்கலையின் விந்தை.

இத்தனைக்கும் அவர்களுக்குக் கிடைத்த இடம் எது? பெரும்பாலும் நிகழ்ச்சியின் தொடக்கம். கூட்டத்தை எழுப்பிவிட்டு அவர்கள் உள்ளே போகவேண்டும். கடைசி மணி நேரம் பேருருவினர்க்கு. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் மிஸ்தீரியோவின் முகமூடி மெய்யாகவே கழற்றப்பட்டது. கழற்றும் கதையை வகுத்தவர்கள் எதிரிகளாக நிறுத்தியது ஏறத்தாழ ஏழடியரான கெவின் நாஷையும் அவர் தோழரையும். அந்த முகமூடியின் பொருளை நிறுவனத்தார் அறிந்திருந்தனரோ என்பது ஐயமே. 2000ஆம் ஆண்டு சனவரியிலே நிகழ்ந்தது அதனினும் விந்தை. நிகழ்ச்சிக்குக் கதை எழுதுவோருள் ஒருவராகிய எட் பெராரா, ஒரு நகைச்சுவை வேடம் பூண்டு வந்து தாமே அப்பட்டத்தை வென்றார்; இரண்டு நாளில், எடை எல்லையை மீறியவர் என்று சொல்லி அதனை விட்டுவிட்டார். ஏடெழுதிய புலவர் களரிக்குள் புகுந்து அரசனின் கிரீடத்தைத் தம் தலையில் வைத்துப் பார்த்ததற்கு ஒப்பு. ஆட்டம் சிரிப்புக்குரியதாகலாம், கிரீடத்தைச் சிரிப்புக்குரியதாக்கினால் அடுத்து வரும் அரசன் எதனை அணிவான்?

2001ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நிறுவனத்தை எதிர் நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. அப்போது பட்டம் ஷேன் ஹெல்ம்ஸ் என்னும் இளைஞரிடம் இருந்தது. வாங்கிய நிறுவனத்தாரும் இலேசுப் பாரப் பட்டம் ஒன்றை வைத்திருந்தனர்; அதனை ஒதுக்கிவிட்டு, வாங்கி வந்ததையே தொடர்ந்து நடத்தினர். எல்லை 215 இறாத்தலாகக் குறைந்தது. சில ஆண்டுகள் நன்கு சென்றது. மிஸ்தீரியோ மீண்டும் முகமூடியோடு வந்தார். ஆனால் வேலி ஒன்று இருந்ததே, அது பெயரளவில் அகன்றபோது வேறொரு துன்பம் வந்தது. சிறியோருள் சிறந்தவர் மேலே ஏறிச் சென்றுவிட்டனர்: எடி கெரேரோ 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் நிறுவனத்தின் முதன்மைப் பட்டத்தையே வென்றார், மிஸ்தீரியோ 2006ஆம் ஆண்டு ஏப்பிரிலில் உலகப் பாரப் பட்டத்தை வென்றார். அவர்களுக்கு அது வெற்றி. விட்டுச்சென்ற பட்டத்துக்கோ வறுமை. 2004ஆம் ஆண்டு மே மாதத்தில், 55 வயதான சாவோ கெரேரோ மூத்தவரிடம் அதனைக் கொடுத்துச் சிரிக்கவைத்தனர். 2006 சனவரியில் அதனை மீண்டும் பெற்ற அதே ஹெல்ம்ஸ், அடுத்த ஆண்டு பெப்ரவரி 18 வரை 385 நாள் வைத்திருந்தார். நீண்ட ஆட்சிதான், ஆனால் ஆளுதற்கு நாட்டில் குடிகள் குறைந்துவிட்டனர்.

2007ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் பலர் ஒருங்கே பங்குபற்றிய போரொன்றில், ஹோர்ன்ஸ்வொகிள் என்னும் மேடைப் பெயருடைய, நான்கரை அடிக்கும் குறைந்த உயரமுடைய கலைஞர், மேடையடியில் ஒளிந்திருந்து வெளிப்பட்டு வென்றதாகக் கதை வகுத்தனர். அவரைக் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. தமக்குத் தரப்பட்ட குறும்பு வேடத்தை அவர் சிறப்பாகவே ஆடினார். மக்களும் அவரை விரும்பினர். குறை வேறிடத்தில் உள்ளது. பாயும் கலையால் மதிப்புப் பெற்ற ஒரு பட்டத்துக்கு, ‘சிறியவர்’ என்ற சொல் ஒன்றுதான் பொருள் என்று நிறுவனத்தார் அன்று காட்டிவிட்டனர். சிறியவர் பட்டமா, இதோ எல்லாரிலும் சிறியவர் என்றனர். அத்தோடு நகைச்சுவை முடிந்தது, பட்டமும் முடிந்தது. செப்தெம்பர் இறுதியில், அவருடைய பாதுகாப்புக் கருதிப் பட்டத்தை எடுத்துக்கொள்வதாக நிகழ்ச்சித் தலைவி வேடம் தாங்கிய விக்கி கெரேரோ மேடையில் அறிவித்தார். 2005இல் இறந்துபோன எடி கெரேரோவின் மனைவி அவர். கணவர் உயிரைக் கொடுத்து உயர்த்திய வாரை எடுத்துவைக்கும் வசனம் அவருக்கு எழுதப்பட்டிருந்தது. 2008இல் பட்டங்களின் வரிசையிலிருந்தும் அதன் பெயர் நீங்கியது.

மூன்றாம் பிறப்பு 2016. அவ்வாண்டு கோடையில் புளோரிடாவிலே 16 நாடுகளைச் சேர்ந்த 32 மல்லரைக் கூட்டி ஒரு போட்டித் தொடர் நடத்தினர். எல்லை 205 இறாத்தல். இந்தியாவின் சார்பில், கனடாவில் வளர்ந்த சீக்கிய சகோதரர் இருவர், ஹார்வ், கர்வ் சிஹ்ரா, களமிறங்கினர். இருவரும் முதற்சுற்றோடு நின்றனர். செப்தெம்பர் 14ஆம் நாள் நடந்த இறுதியில், பிலிப்பீன்ஸ் வழிவந்த அமெரிக்கரான டி. ஜே. பேர்க்கின்ஸ், மெக்சிக்கோவின் கிரான் மெற்றாலிக்கை வென்றார். அந்தத் தொடரிலே கதைத் திரிப்பும் கூச்சலும் குறைவு. ஒவ்வொரு மல்லரும் எவ்வூரார், எவரிடம் பயின்றார் என்று மரியாதையோடு அறிமுகம் செய்தனர். பார்த்தவர் மனம் குளிர்ந்தனர். பின்னர் புதிய பட்டத்துக்கென்று தனி நிகழ்ச்சி ஒன்றை நவம்பரில் தொடங்கினர். அதனை எந்நேரத்தில் வைத்தனர் தெரியுமா? பெரியோரின் நிகழ்ச்சி முடிந்து, மக்கள் களைத்து எழுந்து வாயிலை நோக்கி நடக்கும் நேரத்தில். ஒரு காலத்தில் கூட்டத்தை எழுப்புவதற்கு முன்னே அனுப்பப்பட்டவர், இப்பொழுது கூட்டம் கலைந்தபின் வெற்றிருக்கைகளின் முன்னே பாய்ந்தனர். படுவான்கரை அண்ணாவியார் எவரும் இந்தப் பிழையைச் செய்யமாட்டார். விடியற்காலத்திலே உறக்கம் வரும் என்பது தெரிந்தே, கூத்தின் உயிரான கட்டத்தை அவர் அந்நேரத்துக்கு வைத்திருப்பார். இவர்களோ உயிரை முன்னரே செலவழித்துவிட்டு எஞ்சிய நேரத்தைச் சிறியோர்க்குக் கொடுத்தனர்.

2022ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், அந்தப் பட்டத்தை வைத்திருந்த ரொடெரிக் ஸ்ற்றோங், வட அமெரிக்கப் பட்டத்தை வைத்திருந்த கார்மெலோ ஹேய்ஸோடு மோதினார். இரு பட்டங்களையும் ஒன்றாக்கும் போர் அது. ஹேய்ஸ் வென்றார். வட அமெரிக்கப் பட்டத்தின் பெயரே நின்றது. மற்றது இல்லாமற் போயிற்று. அடுத்த மாதமே தனி நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது.

மிஸ்தீரியோவை அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு தன் புகழாளர் வரிசையிலே சேர்த்தது. யப்பானில் 1986இல் செய்த இளம்பாரப் பட்டம் இடையறாது நடக்கிறது; அதன் ஆண்டுத் தொடருக்கு மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி முன்னிருக்கை பிடிக்கின்றனர். அங்கேயும் எல்லை நூறு கிலோகிராமே.